மீட்டர் முனையில் சந்தனம்

கரண்ட்டை அளக்கும் மல்ட்டிமீட்டரில் எது வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது ஒன்றுதான். கடையிலேயே இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. ஒன்பது வயதில் நான் அடித்த கூத்தில் கற்றது.

சித்தி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் மெஷின் போர்டுகளைப் பழுது பார்க்க ஆள் எடுத்தார்கள். சொந்த மீட்டரோடு போய் வேலை செய்து காட்ட வேண்டும். இந்த ஒரு தடவைதான் விடுவேன் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை சேத்தூரிலிருந்து பெண் பார்க்க வருவார்கள். அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துச் சித்திக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கோ கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை.

மீட்டர் வாங்க எங்கள் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடைக்குச் சித்தி, மாமா, நான் மூன்று பேரும் போனோம். மாமா இருப்பதிலேயே பெரியதைத் தூக்கினார்.

"ஏட்டி, எம்புட்டு நம்பர் இருக்கு பாரு! இத வாங்கு."

முனைகள் தொட்டதும் கரண்ட் பாய்ந்து சத்தம் வர வேண்டுமாம். சித்தி அதன் முனைகளைத் தொடவைத்தாள். செத்த நேரம் யோசித்துவிட்டுத்தான் அது 'பீப்' என்றது. பக்கத்திலிருந்த சின்ன மீட்டர் தொட்டதுமே கத்தியது.

"பெருசுல பத்து ஆம்பியருக்கு ஒயர் சொருகுற ஓட்டைக்கு ஃபியூஸே இல்லண்ணே. மில்லுல நானூத்தி நாப்பது வோல்ட் ஓடும். கை தவறி மாத்திச் சொருகிட்டா கையிலேயே வெடிக்கும். எனக்குச் சின்னதே போதும்."

மாமா பெரியதை எடுத்த இடத்திலேயே வைத்தார். சித்தி அப்படி அடித்துப் பேசி அன்றுதான் பார்த்தேன்.

கிளம்புகிற காலையில் அம்மா மீட்டரைச் சாமி முன்னால் வைத்தாள். பொட்டு வைப்பது என் பொறுப்பு. பெட்டிக்கு ஒன்று வைத்தேன். சிவப்பு முனைக்கும் கறுப்பு முனைக்கும் ஓரவஞ்சனை கூடாதென்று அவற்றுக்கும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினேன். வயசுப் பெண் தனியாகப் போகக் கூடாது என்று துணைக்கு அனுப்பப்பட்டதும் நான்தான். என்ன பெருமை எனக்கு!

மில்லில் வேலை கேட்டு வந்திருந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு செத்துப்போன போர்டைக் கொடுத்தார்கள். மற்ற இருவரும் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். சித்தி மட்டும் முனைகளை ஒன்றோடொன்று தொட்டாள். சத்தமில்லை. மறுபடி தொட்டாள். இல்லை. முகம் வெளுத்துப்போய் முனைகளைக் கண்ணருகே கொண்டுபோனாள். பிறகு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்தேன்.

காய்ந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டி, துப்பட்டாவால் துடைத்தாள். 'பீப்'. அப்புறம் அவளை யார் பிடிப்பது? கால் மணி நேரத்தில் பழுதைக் கண்டுபிடித்துவிட்டாள். "திங்கட்கிழமை வேலைக்கு வந்துரும்மா" என்றார் அதிகாரி.

திரும்புகிற பஸ்ஸில் நான் சண்டைக்குப் போனேன்.

"சாமிப் பொட்ட ஏன் அழிச்சே? சாமி கோவிச்சுக்கும்."

சித்தி என்னை இழுத்து அணைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்தபடியே அழ ஆரம்பித்துவிட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. வேலை கிடைத்தவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் பட்டுச்சேலை போன வருத்தம்தான் என்று முடிவு செய்து, என் பட்டுப்பாவாடைக்காக நானும் கூடச் சேர்ந்து அழுதேன்.