பினாயில் பழகிய கை

எங்கள் சூப்பர் மார்க்கெட்டில் அவளுக்குத் 'தேதி அக்கா' என்றுதான் பெயர். தேதி முடிந்த சரக்கைப் பொறுக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோவது அவள் வேலை. அங்கே பொட்டலத்தைக் கிழிப்பாள், பினாயில் ஊற்றுவாள், குப்பைத் தொட்டியில் தள்ளுவாள். யாரும் எடுத்துத் தின்றுவிடக் கூடாதாம். என்ன நியாயமோ! பதினோரு வருஷம் இதே வேலை. மூக்கு செத்துப்போய்விட்டது, பூவும் சாக்கடையும் அவளுக்கு ஒன்றுதான்.

போன மாதம் முதலாளிக்கு ஞானோதயம் வந்தது. தேதி முடிய ஒரு நாள் இருக்கும்போதே எடுத்து, ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பச் சொன்னார். அந்த இல்லத்தில்தான் அக்காவின் தம்பி இருக்கிறான். மனநிலை சரியில்லாதவன்; பக்கத்திலேயே ஆள் வேண்டும், இவளோ வேலைக்கு வந்தாக வேண்டும். "இன்னிக்கு என் கையால ரொட்டி வருதுடா" என்று முதல் நாள் காலையிலேயே அவனுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் இல்லத்து வேன் வந்து நின்றது. அக்காவைக் கூப்பிடக் கல்லாவை விட்டுப் பின்கட்டுக்குப் போனேன். குப்பென்று பினாயில் நெடி. அனுப்ப எடுத்துவைத்த ஆறு பெட்டி ரொட்டியும் கிழிந்து நனைந்து கிடந்தன. அவள் காலிப் புட்டியை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! என்னக்கா பண்ணிவச்சிருக்க?"

பெட்டிகளைப் பார்த்தாள். "கை அதுபாட்டுக்குப் பண்ணிடுச்சுடி" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அந்தப் புட்டியை இவள் கையில் கொடுத்தவர்கள் நாசமாய்ப் போக!

வேன்காரர் எட்டிப் பார்த்தார். "இதை நம்பி அங்க அடுப்பே பத்தவைக்கலம்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டு, வெறும் வண்டியோடு போனார்.

ஏழரைக்கு அவள் போன் அடித்தது. தம்பி. அவன் எப்போதும் கத்தித்தான் பேசுவான், எனக்கும் கேட்டது.

"அக்கா, எல்லாரும் தட்டு வச்சிட்டு உக்காந்திருக்கோம். எங்கக்கா அனுப்புறான்னு சொல்லிட்டேன்."

"நாளைக்கு வரும்டா."

"அப்ப தட்டை எடுத்துடவா?"

"எடுத்துடு."

போனை வைத்துவிட்டு, நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவிய கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாரு. நாத்தம் வருதா?"

வந்தது. "இல்லக்கா" என்றேன்.