கொடி மூலையில் ஒரு நண்டு

எங்கள் அன்பு அக்காள் கண்மூடி ஓராண்டாகிறது. குழித்துறைக்கு அருகே பிறந்து, தகப்பனாரை இளமையிலேயே இழந்து, பூத்தையல் செய்து தம்பிமாரைப் படிக்கவைத்தார்கள். முப்பது வயதுக்குமேல் பயந்தே வாழ்ந்தார்கள். காரணத்தைச் சொல்லாமல் புகழ்வது முறையல்ல.

அக்காள் வேலைசெய்த தையல் சங்கத்தை நிறுவியவர் ஓர் ஆங்கிலேய அம்மையார். அவருடைய ஊரில் தச்சரும் நெசவாளரும் புத்தகம் கட்டுவோரும் இயந்திரங்களுக்கு எதிராக ஒரு கைவினைச் சங்கம் நடத்தினார்களாம். செய்தவர் பெயர் முதலாளி பெயருக்கடியில் மறையக் கூடாது என்பது அங்கே சட்டம். ஆகவே இங்கும் ஒவ்வொருத்தியும் துணியின் மூலையில் தன் அடையாளத்தைத் தைக்க வேண்டும். அக்காளுடையது நீலநூல் நண்டு. அந்தச் சட்டம் சீமையில் யாரையும் போலீசிடம் காட்டிக்கொடுத்ததாகத் தெரியவில்லை.

மலையாள அரசின்கீழ் இருந்த எங்கள் பகுதியைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டு ஊர்வலங்கள் நடந்த காலம். அக்காள் இரகசியமாக ஒரு கொடி தைத்தார்கள். கைப்பழக்கத்தில் மூலையில் நண்டையும் தைத்துவிட்டார்கள். ஊர்வலத்தின்மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் அந்தக் கொடி போலீசிடம் சிக்கியது.

அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி நான், அக்காளுக்குத் தைரியமூட்ட, போலீஸ் வீட்டைச் சோதனையிட்டால் உள்ளூர்ப் பெரியவர் இருவர் சாட்சி நிற்க வேண்டும் என்ற விதியைச் சொன்னேன்.

"ரெண்டுபேர் பாத்துக்கிட்டு நிக்க அடிச்சா வலிக்காதாலே?" என்றார்கள் அக்காள்.

மறுநாள் சங்கத்தில் அக்காள் கொடி சிக்கியதைத் தோழிகளிடம் சொன்னார்கள். தோழிகள் நால்வர் தங்கள் அடையாளங்களைப் பிரித்தெறிந்து, அலமாரித் துணி அத்தனையிலும் நண்டு தைத்தார்கள். மாலையில் இன்ஸ்பெக்டர் கொடியோடு வந்தார்.

"இது யாருக்க நண்டு?"

"சங்கத்துக்க முத்திரையாக்கும் சார்," என்றார் மூத்த தோழி. "துணி வாங்குனவன் எங்க கொண்டு கெட்டுவான்னு நாங்க கண்டோமா?"

இன்ஸ்பெக்டர் அம்மையாரைப் பார்த்தார். சங்கச் சட்டத்தை ஒருநாளும் மீறாத அவர், முகம் வெளுத்து, "ஆமாம்" என்றார். வெள்ளைக்கார அம்மையாரைப் பொய்க்காரி என்பதற்கான நடைமுறை இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. போய்விட்டார்.

மறுபடி வருவார் என்று காத்திருந்தோம். இணைப்பும் நடந்தேறியது. அக்காளின் காத்திருப்பு முடியவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் ஊசியை ஒளிப்பார்கள். பின்னாளில் போராட்டக்காரர்களுக்கு அரசே ஓய்வூதியம் தந்தது. விண்ணப்பத்தை நானே எழுதினேன். கையெழுத்திட மறுத்துவிட்டார்கள். கடைசிப் படுக்கையிலும், "அவளுகளுக்க பேரச் சொல்லிராத மக்கா," என்றார்கள்.

நோயில் உதவிய மருத்துவருக்கும் துக்கத்தில் உடனிருந்த உறவினருக்கும் எங்கள் நன்றி. அந்த நால்வருக்காக இந்த நினைவுப் புத்தகத்தில் இப்பக்கத்தின் மூலையில் நீல நண்டு ஒன்று அச்சிட்டிருக்கிறோம். அக்காள் பார்த்திருந்தால் புத்தகத்தையே ஒளித்திருப்பார்கள்.