கயிறு எட்டாத முளைகள்

முப்பத்தாறு வயதில் ஓடித் தோற்றேன். முப்பத்தேழில்தான் பயிற்சி செய்தேன். நகர மைதானத்தில் ஆண்டுதோறும் நடக்கும் விளையாட்டு விழாவில், முப்பத்தைந்து வயதைக் கடந்த பெண்களுக்கு நானூறு மீட்டர் ஓட்டம் உண்டு. முழு மைதானத்தையும் ஒரே சுற்று. முதல் முறை எண்பத்திரண்டு விநாடியில் நான்காவதாக வந்தேன். மூன்றாவதாக வந்தவர் என்னைவிட மூன்று விநாடி முன்னால். அந்த மூன்று விநாடியை எங்கே தொலைத்தேன் என்று பார்க்க, ஆவணி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் எழுதி வைக்க ஒரு கொப்பி வாங்கினேன்.

வேலை எனக்குப் பிள்ளைக் காம்பராவில். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் குழந்தைகளை மாலைவரை பார்த்துக்கொள்ள வேண்டும். நாலரைக்குக் கொழுந்தை எடைபோட்டு முடித்துத் தாய்மார் வந்துவிடுவார்கள். ஐந்து மணிக்கு நான் மைதானத்தில் இருப்பேன். நேரம் பார்க்க என் அண்ணி வருவார். நாள் முழுக்க மலையில் நின்ற கால்களோடு வந்து, ஒரு கல்லில் உட்கார்ந்து, என் கைபேசியை வாங்கிக்கொள்வார்.

எங்கள் தோட்டத்து மைதானம் சிறியது. நகரத்தின் ஒரு சுற்றுக்கு இங்கே இரண்டு சுற்று ஓட வேண்டும். மலைச்சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கம் கொட்டிச் சமன்செய்த இடம். வெட்டிய பக்கத்தில் மேல் வளைவு, கொட்டிய பக்கத்தில் கீழ் வளைவு. கீழ் வளைவைத் தாண்டினால் சரிவு. சரிவின் அடியில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அதாவது பன்னிரண்டு ஒற்றை அறை வீடுகள், கொண்ட ஒரு லயம். அதில் ஐந்தாவது காம்பராவில் அண்ணனும் அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள்.

மழை கோட்டை அழித்துவிடும் என்பதால் வெள்ளிதோறும் சுண்ணாம்புக் கோடு போடுவோம். ஒவ்வொரு வளைவுக்கும் நடுவில் ஓர் இரும்புக் குழாய் நட்டிருந்தது. அதில் தேங்காய்நார்க் கயிற்றைக் கட்டி, இழுத்துப் பிடித்தபடி அரைவட்டமாக நடந்தால், கயிற்றின் நுனி காட்டும் இடம்தான் கோடு. அந்த இடங்களில் சிறு மரமுளைகள் அடித்திருந்தோம்.

புரட்டாசி கடைசி வெள்ளியில் கீழ் வளைவில் கயிறு முளைவரை எட்டவில்லை. இரண்டு விரல் குறைந்தது. நனைந்தால் நார்க்கயிறு சுருங்கும் என்று நான் எங்கோ படித்திருந்தேன். அண்ணிக்கு விளக்கினேன்.

"அடேங்கப்பா, கயித்துக்கும் குளிருதா?" என்றார் அண்ணி. "எனக்குந்தான் சுருங்குது. நீ முளைய அடி புள்ள, இருட்டப்போகுது."

முளையைப் பிடுங்கி, கயிறு எட்டும் இடத்தில் அடித்தேன். கொப்பியில் எழுதினேன்: 'கயிறு சுருக்கம், இரண்டு விரல்.' நான் எதையும் எழுதாமல் விடுகிறவள் அல்ல.

ஐப்பசியில் மழை வலுத்தது. மூன்று வெள்ளிகளில் முளைகளை மூன்று முறை உள்ளே நகர்த்தினேன். இரண்டு விரல், மூன்று விரல், ஒரு முறை நான்கு. நேரம் எண்பதுக்கு இறங்கியிருந்தது. ஆனால் கீழ் வளைவில் மட்டும் உடம்பு வெளிப்பக்கம் இழுத்தது. யாரோ இடுப்பைப் பிடித்துப் பள்ளத்துப் பக்கம் மெதுவாகத் தள்ளுவதுபோல இருக்கும். அண்ணியிடம் சொன்னேன்.

"அங்க வந்தாலே நீ விடியக்காலையில பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போற மாதிரிதான் நடக்குற. பின்னால கங்காணி தொரத்துனா சரியா வருவ."

"கங்காணிக்கு மூச்சு வாங்கும் அண்ணி."

"அப்ப நானே தொரத்துறேன். எனக்கும் வீட்டுக்குப் போக வேண்டியதில்ல. கதவு தொறக்க மாட்டேங்குது. உங்க அண்ணன் ரெண்டு தடவ செதுக்கிட்டாரு."

"மழைக்குப் பலகை ஊதியிருக்கும்."

"அதத்தான் அவரும் சொல்றாரு."

அன்று நான் அதைக்கூட எழுதினேன். 'அண்ணி வீட்டுக் கதவு, மழையில் ஊதியது.' கயிற்றுச் சுருக்கத்துக்கு மூன்று வரி கீழே.

கார்த்திகை முதல் வாரம் நான்கு நாள் மழையில்லை. குழந்தைகளின் துணிகளோடு கயிற்றையும் பிள்ளைக் காம்பராவின் கம்பிவேலியில் காயப்போட்டிருந்தேன். வெள்ளி மதியம் குழந்தைகள் தூங்கும்போது, காய்ந்தால் கயிறு எவ்வளவு நீண்டிருக்கும் என்று தெரிந்துகொள்ள, தையல் நாடாவால் அளந்தேன். ஆவணியில் முதல் பக்கத்தில் எழுதி வைத்த அதே நீளம். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அளந்தேன். ஒரு விரல்கூடக் குறையவில்லை.

கொப்பியைப் பின்னோக்கிப் புரட்டினேன். ஒவ்வொரு வெள்ளியும் மேல் வளைவுக்கும் ஒரு வரி எழுதியிருந்தேன். 'மேல் வளைவு, முளைகள் சரி.' எல்லா வாரமும் சரி. நனைந்த அதே கயிறு, அதே மாலை. மேலே சரியாக இருந்த கயிறு கீழே மட்டும் எப்படிச் சுருங்கும்? கீழ் வளைவின் எண்களைக் கூட்டினேன். பதினோரு விரல். கயிறு இருந்த இடத்திலேயே இருந்தது. முளைகள்தான் பள்ளத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு வாரமும் நானே அவற்றைப் பிடுங்கி உள்ளே அடித்து, புதுச் சுண்ணாம்பு போட்டு மறைத்திருந்தேன்.

மாலையில் முதலில் அண்ணனிடம்தான் போனேன். அவர் கதவை மூன்றாவது முறையாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வாசல்களிலும் கேட்கும்படி சொன்னேன். அவர் உளியைக் கீழே வைக்காமல் சிரித்தார்.

"ஒரு கயித்த வச்சிக்கிட்டு பன்னெண்டு வீட்டையும் காலி பண்ணச் சொல்றியா? தொரகிட்டப் போய் சொல்லு, ஒனக்கு மெடல் குடுப்பாரு."

தோட்டத்து அலுவலகத்திலும் போய்ச் சொன்னேன். மழை முழுதாக விடட்டும், ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்றார்கள்.

திரும்பி வரும்போது அண்ணி மைதானத்தில் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். எதிர்மலை தெரியவில்லை, மூட்டம் அதை மூடியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

"கயித்தக் குடு" என்றார்.

குழாயில் கட்டி அவரே இழுத்துக்கொண்டு நடந்தார். மேல் வளைவில் கயிறு ஒவ்வொரு முளையையும் தொட்டது. கீழ் வளைவுக்கு வந்தோம். போன வெள்ளி நான் அடித்த முளைகள் அவை. கயிற்றின் நுனி அண்ணியின் விரல்களில் இருந்தது. முளை அதற்கு ஒரு சாண் தள்ளி நின்றது. நான்கு நாள் மழையே இல்லாத வாரத்தில் ஒரு சாண்.

அண்ணி குனிந்து, குழாய்க்கும் முளைக்கும் இடையில் அடர்ந்திருந்த புல்லைத் தன் குடையால் விலக்கினார். மண்ணில் மெல்லிய பிளவு ஒன்று வளைவின் நீளத்துக்கும் போனது. அதற்குள் பழைய சுண்ணாம்பு வெள்ளையாக இறங்கியிருந்தது. குடையின் நுனியை உள்ளே விட்டார். கைப்பிடி வந்து தட்டும்வரை அது தடையில்லாமல் இறங்கியது.

"புள்ளைங்க வீட்டுல இருக்காங்க" என்றார், என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல்.

குடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். அண்ணி ஓடி நான் பார்த்தது அதுவே முதல் முறை. புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, படிகளை விட்டு, தேயிலைக்கு நடுவில் நேராக இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். என்னால் அவரைப் பிடிக்க முடியவில்லை.

அண்ணன் கத்தினார். அண்ணி பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டுப் பாயைச் சுருட்டினார். அதைப் பார்த்து ஆறாவது காம்பராக்காரி வெளியே வந்தாள். பிறகு ஏழாவது. என் பேச்சுக்கு அசையாத லயம், பாயைச் சுருட்டிய ஒருத்தியைப் பார்த்து அசைந்தது. இருட்டுமுன் ஒன்பது குடும்பங்கள் மேலே இருந்த தோட்டத்துப் பாடசாலைக்கு ஏறிவிட்டன. மீதி மூன்று அடுத்த நாள் மழை தொடங்கியதும் வந்தன.

இதை எழுதும் இன்றுவரை மண் சரிந்து விழவில்லை. அந்த ஆண்டு ஓட்டத்துக்கு நான் போகவில்லை. பாடசாலையில் வகுப்புகள் மறுபடி தொடங்கியதும், அதிகாரிகள் வந்து லயத்தில் குடியிருக்கக் கூடாதென்று ஒரு சிவப்பு அறிவித்தல் ஒட்டிவிட்டுப் போனதும், வேறு காம்பரா கிடைக்காத நான்கு குடும்பங்கள் லயத்துக்கே திரும்பின. அண்ணன் குடும்பம் மேல் லயத்தில் உள்ள என் காம்பராவில் இருக்கிறது. நெருக்கம்தான். பகலில் அண்ணன் இறங்கிப் போய்த் தன் வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு வருவார். அதைச் செதுக்குவதை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமைகளில் நானும் அண்ணியும் கயிற்றோடு போகிறோம். சுண்ணாம்பு கொண்டுபோவதில்லை. முளைகளைத் தொடுவதில்லை. அண்ணி நுனியைப் பிடிப்பார், நுனிக்கும் முளைக்கும் உள்ள இடைவெளியை நான் அளந்து எழுதுவேன். பிறகு சரிவின் விளிம்புக்குப் போகாமல், இருந்த இடத்திலிருந்தே கீழே கூப்பிட்டு அந்த நான்கு வீடுகளுக்கும் அளவைச் சொல்கிறோம். போன வாரம் இரண்டு முழத்தைத் தாண்டிவிட்டது. கேட்டுக்கொண்டு ஒருத்தி கையசைத்தாள். அவள் அடுப்புப் புகை எங்களை நோக்கி ஏறி வந்தது.