மணியை எதிர்பாராத கண்

செய்யும் தொழிலில் சிந்தையை நிறுத்துதல் பெரியதோர் அறம். குகையில் அமர்ந்தவர்க்கே அது கைகூடும் என்றெண்ணி நாம் அதனைத் தொலைவில் வைத்துவிட்டோம். நெருப்பெரிச்சல் என்னும் ஊரில், தையல் இயந்திரங்களின் இரைச்சலும் அயர்னிங் புழுக்கமும் நிறைந்த ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில், அந்த அறத்தைத் தேடிப் புறப்பட்டவர் ஊத்துக்குளி தெய்வாத்தாள்.

தைத்து வரும் குழந்தைச் சட்டைகளை விளக்கொளியில் திருப்பி, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்குவது அவர் வேலை. சென்ற மாதம் ஓர் ஓட்டைச் சட்டை அவர் மேசையைத் தாண்டிக் கடல் கடந்து போய், குற்றச்சாட்டாகத் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் தரணீதரன் வயதில் இளையவர், குரலை உயர்த்தவில்லை.

“அக்கா, இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உங்கள பிசிறு வெட்டற பக்கம் மாத்தச் சொல்லீட்டாங்க. நானென்னுங்க பண்றது?”

மேசையை இழப்பது தெய்வாத்தாளுக்குப் பெருந்துயர். அதனினும் பெரிதாய் ஒரு வியப்பு அவரைக் குடைந்தது. அந்தச் சட்டையையும் அவர் பார்த்துத்தானே அனுப்பியிருப்பார்? கண் திறந்திருக்க, கவனம் மட்டும் எங்கே போயிற்று?

வீட்டில் மகள் அக்ஷரா ஒரு திருகு டைமரை வைத்துப் பரீட்சைக்குப் படிப்பாள். மணி அடித்தால் எழுவாள். மறுபடி அடித்தால் அமர்வாள். தெய்வாத்தாள் அதை இரவல் கேட்டார்.

“உனக்கெதுக்கும்மா?”

“என்ற கவனம் எப்ப எந்திருச்சுப் போவுதுன்னு புடிக்கோணும் கண்ணு.”

மறுநாள் செக்கிங் மேசையில் அரைமணிக்கு ஒருமுறை டைமர் அடித்தது. அப்போது கண்களை மூடி, தண்ணீர் குடித்து, மறுபடி தொடங்குவார். அதுவரை பார்த்து முடித்தவற்றின்மேல், அடுத்த அரைமணிச் சட்டைகளைக் குறுக்காகத் திருப்பி அடுக்குவார். கண் தெளிந்தாற்போலத்தான் இருந்தது. ஆனால் தெளிந்ததென்று எப்படி அறிவது? பக்கத்து மேசை ராக்கம்மாளிடம், கழித்த சட்டைகளில் மூன்றை ஸ்டிக்கர் உரித்து எடுத்து, தாம் பார்க்கவேண்டிய குவியலில் தெரியாமல் ஒளித்துவைக்கச் சொன்னார்.

தென்சீமையிலிருந்து வந்த ராக்கம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். “யக்கா, ஊருல திருடன் வந்தாத்தான் நாய் வளப்பாக. நீ நாய் குரைக்குதான்னு பாக்கத் திருடனக் கூப்புடுறியே!”

குவியல் தீர்ந்தது. தெய்வாத்தாள் பிடித்தவை இரண்டு. மூன்றாவது இல்லை. அதற்குள் அடுக்கு முழுவதையும் அயர்னிங் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

“ஆத்தி, மூணுதாங்க்கா வச்சேன்!” ராக்கம்மாளின் முகம் வெளிறியது. “நீ வாயத் தெறக்காத. நான் போயி நைசாத் தேடுறேன்.”

“வேண்டாம் சாமி. இதுலயும் ஒளிச்சா எனக்கு மேச எதுக்கு?”

நேரே தரணீதரனிடம் போய் நடந்ததைச் சொன்னார். தரணீதரன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

“ஏனுங்க்கா, டேமேஜ் பீஸ நீங்களே உள்ள விட்டீங்களா? சாயந்திரம் லாரி கெளம்பீருமுங்க. அத்தனையும் பிரிச்சுப் பாக்க ஆளேது?”

“அத்தனையும் வேண்டாமுங்க தம்பி. கொஞ்சம் பொறுங்க.”

தெய்வாத்தாள் அயர்னிங் பகுதியில் குறுக்கும் நெடுக்குமாய் நின்ற அந்த அடுக்கைப் பார்த்தார். ஒவ்வொரு திருப்பமும் ஓர் அரைமணி. களைப்பில்தான் கண் தவறும் என்று இதுநாள்வரை நம்பியிருந்தார். களைப்பை மணி தீர்த்துவிட்டது. பிறகு எப்போது தவறியது? காலையில் தம் கை செய்ததை ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தார். மணி அடிக்கும் தறுவாயில் கை சட்டையைத் திருப்ப, கண் டைமரின் முள்ளைப் பார்த்தது நினைவில் எழுந்தது.

“ஒவ்வொரு திருப்பத்துலயும் மேலாப்புல இருக்கற நாலஞ்சு சட்டய மட்டும் எடுங்க. மணி வருதுன்னு காத்துட்டிருந்தப்பப் பாத்ததுங்க அது.”

ராக்கம்மாளும் வந்து சேர, மூவரும் எடுத்துப் பார்த்தனர். நடுவில் ஒரு திருப்பத்தின் மேலடுக்கில், தோள் தையலை ஒட்டி, கடுகளவு ஓட்டையோடு அது கிடைத்தது.

தரணீதரன் அதை விளக்கில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “இனிமே சொல்லாம இந்த மாதிரிப் பண்ணாதீங்க. மேச உங்களுதுதான். ஆனா அந்த மணியத் தூக்கிப் போட்றலாமுங்களா?”

“வேண்டாமுங்க. ஓய்வு நல்லதுதான்; அது வர்ற நேரம் எனக்குத் தெரியறதுதான் கெடுக்குது.”

மறுநாள் முதல் டைமரைத் திருகுவது ராக்கம்மாள். தன் மேசைக்கடியில் வைத்து, ஒருமுறை கூட்டியும் ஒருமுறை குறைத்தும் மனம்போல வைக்கிறாள். எப்போது அடிக்கும் என்று அறியாத தெய்வாத்தாளுக்கு, கையிலுள்ள சட்டையைத் தவிர நோக்க வேறொன்றில்லை. அக்ஷராவுக்கும் இப்போது தாயே திருகிவைக்கிறார். “எவ்வளவு வெச்சிருக்கற, சொல்லும்மா” என்று அவள் கெஞ்சுவதும், தாய் மறுப்பதும் நாள்தோறும் நடக்கின்றன.

கதித்தமலை வேலவன் அந்த இல்லத்தைக் காப்பானாக. தாயின் கண்ணொளி மங்காதிருக்க; மகளின் கல்வி கிளைத்துத் தழைக்க; அவர்கள் உலையில் அரிசியும் உள்ளத்தில் அமைதியும் குறைவின்றி நிறைக.