சோறு இல்லை என்று எழுதிய கடிதம்

மான்செஸ்டரில் நான் இருந்த நான்கு வருடங்களைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது கொட்டாவிதான். சீமைக்குப் போய் வந்தவன் என்று ராஜபாளையத்தில் என்னைப் பார்த்து வாய் பிளந்தவர்கள் உண்டு. அப்படி அங்கே நான் என்னத்தைக் கண்டேன்? காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே புகை. சாயங்காலம் கல்லூரியிலிருந்து திரும்பினால் அதே புகை. வெள்ளைச் சட்டையின் காலர் மத்தியானத்துக்குள் கறுத்துவிடும். மேல்கோட்டு ஒருநாளும் முழுசாகக் காய்ந்ததில்லை. அந்த ஈரத்தையே மறுபடி மாட்டிக்கொண்டு டிராமுக்கு நிற்கும்போது, ஏன்டா வந்தோம் என்று தினமும் ஒரு தடவையாவது நினைத்துக்கொள்வேன்.

அப்பா பருத்தி வியாபாரி. நம் ஊரிலும் மில் வரப்போகிறது, நூற்பு படித்த ஆள் வேண்டியிருக்கும் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். எனக்கு மில்லின் மேல் ஆசையும் இல்லை, வெறுப்பும் இல்லை. போ என்றார், போனேன்.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரி நல்லவள்தான், குறை சொல்லக்கூடாது. ஆனால் அவள் அவித்த உருளைக்கிழங்கு இருக்கிறதே! திங்கட்கிழமை உருளைக்கிழங்கு, செவ்வாய்க்கிழமை உருளைக்கிழங்கு, புதன்கிழமை ஒரு மாறுதலுக்காக மசித்த உருளைக்கிழங்கு. காரமாக ஏதாவது உண்டா என்று கேட்டால் மிளகுக் குப்பியை என் பக்கம் நகர்த்திவிட்டு மழையைப் பற்றிப் பேசுவாள். முதல் குளிர்காலத்தில் ஒருநாள், சளியும் காய்ச்சலுமாகப் படுத்துக்கொண்டு, வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இங்கே சோறே கிடையாது, சோற்றைக் கண்ணால் கண்டு மூன்று மாதமாகிறது, நாக்கு செத்துவிட்டது என்று. அலுப்பில் புலம்பியதுதான், வேறொன்றுமில்லை. தபாலில் போட்ட மறுநாளே மறந்தும் போனேன்.

அடுத்த வருடம் துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தேன். கப்பலில் கரி அள்ளிப்போட்டு ஓய்ந்த ஒரு வங்காளி அதை நடத்தினார். சோறும் மீன்குழம்பும் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு டிராம் மாறிப் போவேன். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். அதைப் பற்றி வீட்டுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் கடையில் உட்கார்ந்துதான், முந்தின நாள் வந்திருந்த அக்காவின் கடிதத்தைப் பிரித்தேன். அக்கா செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். பேசுவது போலவே எழுதுவாள்.

"தம்பி, உனக்குத் தெரியக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கா. எனக்கு மனசு கேக்கல. நீ சோறு இல்லன்னு எழுதுன கடுதாசிய அப்பா வாசிச்சுக் காட்டுன மறுநாளே, அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் போயி ஆண்டாள் முன்னால நேந்துக்கிட்டா. எம்புள்ள சோறில்லாமக் கெடக்கான், எனக்கு மட்டும் என்ன சோறு, அவன் பாஸாகி ஊர் வந்து சேர்ற வரைக்கும் அரிசி என் வாயில படாதுன்னு. அன்னையிலருந்து கம்பங்கூழும் கேப்பைக் களியுந்தான். அப்பாவும் எம்புட்டோ சொல்லிப் பாத்துட்டாவ. எளைச்சுப் போயிட்டா. நீ சீக்கிரம் பாஸாகி வா."

வாசித்தபோது என் வலது கை சோற்றில் இருந்தது. மீதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். எழவில்லை. தின்று முடித்துவிட்டுத்தான் கை கழுவினேன்.

அன்றே வீட்டுக்கு எழுதினேன். இங்கே சோறு கிடைக்கிறது, வாராவாரம் வயிறு முட்டச் சாப்பிடுகிறேன், அம்மா அந்த நேர்ச்சையை விட்டுவிடட்டும் என்று. அதற்கு அம்மா சொல்லச் சொல்ல அப்பா எழுதிய பதில்: "நான் சோறு திங்கணும்னு சும்மா பொய் எழுதுதான். எம்புள்ளயப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்?" நான் முதலில் எழுதியதை நம்பியவள் இரண்டாவது எழுதியதை நம்பவில்லை. கடல் தாண்டி இருந்துகொண்டு நான் என்ன செய்ய?

படித்தால் தீர்ந்துவிடும் என்று படித்தேன். மற்ற பாடங்களெல்லாம் தேறின. மெஷின் டிராயிங் மட்டும் காலை வாரியது. குளிரில் விரல் மரத்துப் போய், நான் போடும் கோடு எதுவும் நேராக நிற்காது. மூன்றாம் வருடக் கடைசியில் அதில் தோற்றேன். ஊருக்குப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் சும்மா போனால் போதாதே, பாஸாகியல்லவா போக வேண்டும்! அந்த ஒரு பரீட்சைக்காக இன்னொரு குளிர்காலம், இன்னொரு வருட உருளைக்கிழங்கு. கடைக்குப் போய்ச் சோறு தின்பதும் நின்றுவிட்டது, போனாலும் இறங்கவில்லை. மறுபடி பரீட்சை எழுதினேன். மறுபடி தோற்றேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை, போதும் போதும் என்றாகிவிட்டது. 'வருகிறேன்' என்று மட்டும் எழுதிவிட்டுக் கப்பலேறினேன்.

தூத்துக்குடியில் இறங்கி, விருதுநகரில் வண்டி மாறினேன். ராஜபாளையத்துக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர். அந்த ஸ்டேஷனிலேயே அம்மாவும் அக்காவும் நின்றிருந்தார்கள். அம்மாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது.

"ஏலே, எறங்குலே! மொதல்ல கோயிலுக்குப் போவோம். அப்பா வீட்டுல இருக்காவ. பொறவு போயிக்கிடலாம்" என்றாள் அம்மா.

அக்கா கையில் ஒரு தூக்குச்சட்டி. திறக்காமலே தெரிந்தது, புளிச்சோறு. சாமி கும்பிட்டதும் அம்மா வாயில் வைப்பதற்கு.

சன்னதியில் அம்மா கை கூப்பி, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல ஆண்டாளிடம் சொன்னாள்: "தாயே, சொன்னபடி கொண்டாந்து சேத்துட்ட. பாஸாகி வந்துட்டாம்மா எம்புள்ள."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என்னை யார் கேட்கப் போகிறார்கள்?

"அம்மா, நான் பாஸாகல" என்றேன்.

அப்புறம் பலர் இதைக் கேட்டுவிட்டு, சாமி முன்னால் பொய் சொல்லாத பிள்ளை என்று என்னை மெச்சியிருக்கிறார்கள். மண்ணாங்கட்டி. அன்று எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. "சரி, வந்துட்டேல்ல. அது போதும்" என்றாள். வெளியே மண்டபத்தில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தாள். "நீ தின்னு. கப்பல்ல என்னத்தத் தின்னியோ."

அக்கா அழுதாள். நான் சாப்பிட்டேன்.

அதற்கப்புறம் யுத்தம் வந்தது, கப்பல் நின்றது, திரும்பப் போய்ப் பரீட்சை எழுதும் பேச்சும் நின்றது. ஊரில் மில் வந்தபோது வேலை கிடைத்தது. சர்டிபிகேட்டை ஒருவரும் கேட்கவில்லை. சீமையில் படித்தவன் என்ற பேச்சே போதுமாயிருந்தது. அம்மா மட்டும் கூழை விடவில்லை. கோயில் பட்டரே, ஆண்டாளுக்கு ஒரு தளிகைப் படையல் செய்து நேர்ச்சையை முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தார். "நான் சொன்னதுல பாதிதானே சாமி நடந்திருக்கு" என்று அவரிடமும் சொல்லிவிட்டாள். நான் மில்லிலிருந்து வந்தால் எனக்குச் சோற்றை வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து கூழைக் குடிப்பாள். "இதுதாம்லே எனக்குப் பழகிப்போச்சு" என்பாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தும் போயிருக்கிறேன். அதற்கும் அவள் மசியவில்லை.

நான் ஊர் திரும்பிய ஏழாவது வருடம் அம்மா இறந்துபோனாள். குளிப்பாட்டி முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்கரிசி போடப் பிள்ளையைக் கூப்பிட்டார்கள். கை நிறைய அரிசியோடு குனிந்தவன், அப்படியே நின்றுவிட்டேன். கை இறங்கவில்லை. பின்னால் இருந்தவர்கள் நேரமாகிறது என்றார்கள்.

அக்கா என் தோளில் கை வைத்தாள். "போடுலே" என்றாள். "இப்பவாவது திங்கட்டும்."