மாரமங்கலத்தில் லோடு குறைத்த கதை

1. சாவி

வண்டி ஓட்டத் தெரியுமா என்றுதான் வேலைக்கு எடுக்கும்போது கேட்டார்கள். வண்டிக்குள் குடித்தனம் நடத்தத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் சேலத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் டிரைவராகச் சேர்ந்தேன். முதல் நாள் மேனேஜர் என்னை ஷெட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு பழைய பஸ்ஸைக் காட்டினார். சீட்டையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஒரு கட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ், மருந்து அலமாரி, மைக் செட், டியூப் லைட், ஒரு சின்ன ஃபிரிட்ஜ் என்று வைத்திருந்தார்கள். பின்பக்கக் கம்பிக் கூண்டில் ஒரு ஜெனரேட்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டிய ரகம். கட்டிலுக்கு அடியில் ஒரு பெரிய பேட்டரி. அது வண்டி பேட்டரி அல்ல, வீட்டு பேட்டரி.

மேனேஜர் சாவியைக் கையில் கொடுத்துச் சொன்னார்: “பழனிச்சாமி, ஏற்காட்டு மலை ஏறிட்டா நீதானப்பா ஈ.பி. ஆபீஸ். கரண்டு போயிருச்சுன்னு யாருக்கும் போன் போட முடியாது.”

“எனக்குக் கரண்டு வேலை தெரியாதுங்களே, சார்.”

“தெரிஞ்சவன் எவனும் மலைக்கு வரமாட்டேங்கிறான். நீ வர்றே. கத்துக்க.”

கற்றுக்கொடுக்க வந்த எலெக்ட்ரீஷியன் வெற்றிலையை மென்றுகொண்டே ஒரு காலைப் பொழுதில் பாடத்தை முடித்துவிட்டார். வீட்டு பேட்டரி லைட்டுக்கும் மைக்குக்கும். ஃபிரிட்ஜை அது தாங்காது, ஜெனரேட்டரில்தான் ஓட்ட வேண்டும். ஜெனரேட்டர் ஓடும்போதே சார்ஜரைப் போட்டு பேட்டரியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க ஓட்ட மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? அதனால் கொஞ்ச நேரம் ஓட்டி, ஐஸ் பாக்கெட்டைக் கட்டியாக்கி, ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் பொழுதைத் தள்ள வேண்டும். கடைசியாக ஒரு எச்சரிக்கை: “வண்டி பேட்டரியில மட்டும் கை வெச்சிராதே. அது எறங்கிப்போச்சுன்னா மலையிலயே ரேஷன் கார்டு வாங்கிக்க வேண்டியதுதான்.”

இன்று சுவிட்சைத் தட்டினால் கரண்ட் வரும் காலத்தில் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் சிரிப்பாக இருக்கும். சிரித்துக்கொள்ளுங்கள். நான் அன்றைக்கு அதையெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

2. வீணாய்ப்போன மருந்து

வண்டிக்கு முதலாளி நான் இல்லை, ஞானசுந்தரி சிஸ்டர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற நர்ஸ். அதிர்ந்து பேசமாட்டார். ஆனால் ஃபிரிட்ஜ் கதவை நான் காரணமில்லாமல் தொட்டால் ஒரு பார்வை பார்ப்பார், கை தானாகப் பின்னால் போய்விடும்.

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்த வண்டி வருவதற்கு முன்னால் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில்தான் மலைக்கு வந்துகொண்டிருந்தார். ஒரு தடவை அந்த மலையிலுள்ள மாரமங்கலம் கிராமத்துக்கு வரும் வழியில் பஸ் படுத்துவிட்டது. வந்து சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகிவிட்டது. சூடு பட்ட மருந்தை ஊசியில் ஏற்றினால் பச்சைத் தண்ணீரைப் போட்ட மாதிரிதான், நோயைத் தடுக்காது. காத்திருந்த தாய்மார்கள் கண்ணெதிரே எல்லாவற்றையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, “இன்னொரு நாள் வர்றேன்” என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு நடந்து வந்தவர்கள் அத்தனை பேரும் வெறுங்கையோடு திரும்பிப் போனார்கள்.

நாங்கள் வண்டியை மாரமங்கலம் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பலாமரத்தோரம் நிறுத்திய அன்றைக்கே, அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருத்தியான பாப்பாத்தி வந்து நின்றாள். இடுப்பில் பெண்குழந்தை. வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏனுங்க சிஸ்டரு, ஊட்டையே வண்டியில கட்டிக்கிட்டு வந்துட்டீங்களா?”

“ஆமா பாப்பாத்தி. நாளன்னைக்குக் காலையில முகாம். கட்டாயம் வந்திரணும்.”

“போன தடவையும் கட்டாயம்னுதானுங்க சொன்னீங்க. மறுக்கா மறுக்கா கூப்புட்டா ஓடியாறதுக்கு நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?” கொஞ்சம் தணிந்து, “இந்தத் தடவையும் திருப்பி அனுப்பிச்சீங்கன்னா எங்க பக்கத்துலருந்து ஒருத்தி வரமாட்டா. நானே வேண்டாம்னு சொல்லிப்போடுவேன்” என்றாள்.

அவள் கண்ணுக்கு மறையும்வரை சிஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், “அண்ணா, ஃபிரிட்ஜைப் பாத்துக்குங்க” என்று மட்டும் சொன்னார்.

3. வெள்ளையண்ணனிடம் ஒப்படைத்தேன்

சேலத்தில் யானை மாதிரி ஓடிய ஜெனரேட்டர் மலைக்கு வந்ததும் கிழவன் மாதிரி இருமியது. சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. ஃபிரிட்ஜ் கம்ப்ரெசர் ‘டக்’கென்று எடுக்கும்போது தம் பிடித்து, உறுமி, கரும்புகை விட்டு அணையப் பார்க்கும். இஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், கரி அடைத்து அடுப்புக்கரியாட்டம் இருந்தது. தேய்த்துப் போட்டேன். ஓடியது, ஆனால் நம்பிக்கை வரவில்லை. கைவசம் வேறு பிளக் இல்லை. மண்ணெண்ணெயும் கேனின் அடியைத் தொட்டுவிட்டது.

முகாமுக்கு முந்தின நாள் காலை. சிஸ்டர் வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார். நான் பஸ் பிடித்து ஏற்காடு போய்ப் பிளக்கும் மண்ணெண்ணெயும் வாங்கி வர வேண்டும். இருக்கிற எண்ணெய் தீர்வதற்குள் ஐஸும் கட்டியாக வேண்டும், அதனால் ஜெனரேட்டரை நிறுத்தவும் முடியாது. யாரிடம் விட்டுப்போவது?

வெள்ளையண்ணன் கிடைத்தார். மாரமங்கலத்துக்காரர். சொந்தமாகக் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருந்தார். அதற்கு முன்னால் ரொம்ப வருஷம் எஸ்டேட் லாரியில் மூட்டை ஏற்றி இறக்கியவர். இஞ்சின் சத்தத்துக்குப் பழகிய ஆள் என்று எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

“வெள்ளையண்ணா, இது ஓடிக்கிட்டே இருக்கட்டும். எண்ணெய் தீந்தா தானா நின்னுக்கும். நடுவுல இஞ்சின் திணறுச்சுன்னா மட்டும் லோடைக் கொறைச்சிருங்க.”

“லோடுங்களா? அது நமக்குத் தெரியாததாங்க! கொறைச்சுப்போடலாமுங்க. நீங்க கவலையில்லாம போய்ட்டு வாங்க.”

லோடு என்றால் சார்ஜர் சுவிட்ச் என்று நான் நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் தலையாட்டியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

4. பலாமரத்தடி

சாயங்கால பஸ்ஸில் மண்ணெண்ணெய்க் கேனோடு இறங்கினேன். பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. தூரத்திலிருந்தே ஜெனரேட்டர் ஓயாமல் சீராக ஓடுகிற சத்தம் கேட்டது. அடடா, நல்ல ஆளிடம்தான் விட்டுப்போயிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

கிட்டே போனால் வண்டி காலி!

கட்டில் வெளியே. ஸ்டவ் வெளியே. மருந்து அலமாரி, மைக் பெட்டி, ஸ்டெப்னி டயர், என் டிரங்குப் பெட்டி, என் துவைத்த லுங்கி முதற்கொண்டு பலாமரத்தடியில் வரிசையாக அடுக்கியிருந்தது. நடுவில் கறுப்புக் கம்பளி போர்த்திக்கொண்டு ஏதோ ஒன்று குந்தியிருந்தது. யாரோ காய்ச்சல்காரர் உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பார்த்தால், ஃபிரிட்ஜ்.

வெள்ளையண்ணன் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்தார். “நீங்க போனதுமே நொம்பத் திணறுச்சுங்க. ஆளுங்களக் கூப்புட்டு ஒண்ணொண்ணா எறக்குனோம். கட்டில எறக்குனோம், அப்பவும் திணறுச்சு. அலமாரிய எறக்குனோம், அப்பவும் திணறுச்சு. கடசியா இந்தப் பொட்டிய எறக்குனமுங்க. எறக்குனதும் பாருங்க, கம்முனு ஓட ஆரம்பிச்சிருச்சு! இதுதானுங்க கனம்.”

ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினால் ஜெனரேட்டர் சும்மா ஓடாமல் என்ன செய்யும்? சார்ஜரை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணெயைச் சிக்கனமாகக் குடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஃபிரிட்ஜ் ஓடவில்லை!

“யோவ், உங்களுக்கு மூளை இருக்குதா? கரண்ட் லோடைச் சொன்னா மூட்டை லோடை எறக்கி வெச்சிருக்கீங்களே! நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊசி போடறது?” என்று கத்திவிட்டேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

வெள்ளையண்ணன் முகம் சுண்டிப்போனது. “லோடைக் கொறைக்கச் சொன்னீங்க, கொறைச்சமுங்க. மேடேறயில இஞ்சின் திணறுச்சுன்னா எங்க டிரைவருங்க அதைத்தானுங்க சொல்லுவாங்க. கரண்டுக்குக் கனம் இருக்குமுன்னு நாங்க எங்கீங்க கண்டோம்?”

இந்த நேரம் பார்த்து சிஸ்டர் வந்து சேர்ந்தார். சாமான்களைப் பார்த்தார், கம்பளியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் குரல் உயரவில்லை.

“கதவை யாராச்சும் திறந்தீங்களா?”

“ஐயோ, இல்லீங்க சிஸ்டரு. உங்க பொட்டியத் தொறப்பமுங்களா? உள்ள மருந்துப் பாட்டல் இருக்குதுன்னு சாய்க்காம, நிக்க வெச்சே தூக்கியாந்தோம். பனி பட்டா மெசினு கெட்டுப்போகுமேன்னு ஊட்டுலருந்து கம்பளி கொண்டாந்து சுத்துனோம். ஒண்ணு பத்தலைன்னு அக்கம்பக்கத்து ஊட்லயும் வாங்கியாந்து போட்டமுங்க.”

சிஸ்டர் கம்பளிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். உள்ளே இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்க்க ஒரே ஒரு தடவை கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். எட்டு டிகிரிக்கு மேல் போயிருந்தால் கதை முடிந்தது. பாப்பாத்தி சொன்னதுதான் என் காதில் ஒலித்தது. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு திறந்து, எட்டிப் பார்த்து, உடனே சாத்தினார்.

“ஆறு” என்றார். கீழே உட்கார்ந்துவிட்டார். “அண்ணா, ஆறுதான். ஐஸ் பாக்கெட் இன்னும் கல்லாட்டம் இருக்குது.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஐஸ், வெளியே மலைக்குளிர், மேலே அத்தனை கம்பளி, தொடாத கதவு. குளிர் எந்த வழியாகத் தப்பித்துப் போகும்? நான் அக்கறையோடு சுவிட்ச் போட்டுப் போட்டுப் பார்த்த பெட்டியை, குளிர் அடிக்குமே என்று போர்த்திவிட்டுக் காப்பாற்றிவிட்டார்கள்.

ஃபிரிட்ஜை அதே மாதிரி நிற்கவைத்தே தூக்கி வண்டியில் ஏற்றினோம். வெள்ளையண்ணன்தான் முன்பக்கம் பிடித்தார், என் முகத்தைப் பார்க்காமல். தூக்கி வைத்த ஃபிரிட்ஜை உடனே ஓட்டக்கூடாது என்பதால் அதைக் கொஞ்சம் ஆற விட்டுப் புதுப் பிளக்கை மாட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், பேட்டரி வழிய வழிய ஏறியிருந்தது. இனி சார்ஜருக்கு வேலையே இல்லை. அதைக் கழற்றிவிட்டு ஃபிரிட்ஜை மட்டும் ஜெனரேட்டரில் மாட்டினேன். ‘டக்’கென்று கம்ப்ரெசர் எடுத்தது. ஜெனரேட்டர் இருமக்கூட இல்லை.

ஃபிரிட்ஜ், சார்ஜர் ரெண்டையும் ஒரே நேரத்தில் அதன் தலையில் ஏற்றியதுதான் தப்பு. ஒன்றை முடித்துவிட்டு ஒன்று என்று கொடுத்திருந்தால் கரி பிடித்த பிளக்கை வைத்துக்கொண்டே அது இழுத்திருக்கும். எலெக்ட்ரீஷியன் சொல்லித்தராத பாடத்தை ஒரு தப்பு சொல்லித் தந்தது.

டீ போட்டு வெள்ளையண்ணனிடம் முதல் தம்ளரை நீட்டினேன். “கோவிச்சுக்காதீங்கண்ணா” என்றேன்.

“போங்க டிரைவரே. சொல்றதுல பாதிய மனசுக்குள்ளயே சொல்லிக்கிறீங்க. எங்களுக்கெப்படிக் கேக்கும்?” என்று வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ மலையூர்களில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஜெனரேட்டர் ஓடாத நேரத்தில் ஃபிரிட்ஜுக்குக் கம்பளி போர்த்தாமல் விட்டதில்லை. ஓட ஆரம்பித்ததும் எடுத்துவிடுவேன், இல்லாவிட்டால் சூடு வெளியே போகாது. யாரிடம் ஒப்படைத்தாலும் ‘லோடு’ என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. சுவிட்சின் மேல் அவர்கள் விரலை வைத்து, “இது” என்று காட்டிவிட்டுத்தான் போவேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். உனக்குத் தெரிந்த வார்த்தை எதிரில் இருக்கிறவனுக்கும் தெரிந்திருக்கும், ஆனால் அவனுக்கு அது வேறு பொருளாக இருக்கும்.

அந்த முகாம் நாளன்று காலை பனி விலகுவதற்கு முன்பே பாப்பாத்தி வந்துவிட்டாள். தனியாக வரவில்லை. பின்னால் வரப்பு நெடுக இடுப்பில் பிள்ளைகளோடு பெண்கள். “மருந்துப் பொட்டி வெளிய கெடக்குதுன்னு கேட்டு வேண்டாம்னு சொல்லத்தானுங்க போனேன். ஆனா அதுக்குக் கம்பளி போத்திக் காவல் காக்கறாங்கன்னு நேத்தே ஊரெல்லாம் பேச்சு. அப்புடி என்னதான் இருக்குதுன்னு எல்லாரும் கெளம்பிட்டாங்க” என்று பிள்ளையை நீட்டினாள். முதல் ஊசி அந்தக் குழந்தைக்குத்தான். அது போட்ட கத்தலில் ஜெனரேட்டர் சத்தமே கேட்கவில்லை.

உச்சிவேளைக்கு முன்னாலேயே மருந்து எல்லாம் தீர்ந்துவிட்டது. சிஸ்டர் ஃபிரிட்ஜ் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு காலித் தட்டுகளைப் பார்த்தபடி நின்றார். அந்தக் கதவை அவர் அப்படித் திறந்து நான் பார்த்ததே இல்லை.

வெள்ளையண்ணன் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். “ஏனுங்க சிஸ்டரு, இன்னும் ஏதாச்சும் லோடு எறக்கோணுங்களா?”

சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

“எறக்கியாச்சுங்கண்ணா. எல்லா லோடும் எறக்கியாச்சு.”