சூட்டுச் சக்கரத்துக்கு ஒரு குடம் தண்ணீர்

நேற்று வேங்கிக்காலில் ஒரு வாட்டர் வாஷ் கடை வாசலில் நின்றிருந்தேன். பெங்களூரிலிருந்து ஒரே மூச்சாக ஓடிவந்த கார் ஒன்று உள்ளே நுழைந்ததும், கடைக்காரர் குழாயை நேரே முன்சக்கரத்தில் பாய்ச்சினார். சொய்ங் என்று ஆவி கிளம்பியது. சுட்ட இரும்பில் தண்ணீர் பட்ட அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் பழைய முதலாளி ஞாபகம் வந்துவிட்டது. சிலருக்கு மல்லிகை வாசனையில் காதலி ஞாபகம் வருமாம். எனக்குக் கொடுத்து வைத்தது இவ்வளவுதான்.

முதலாளிக்குக் கோயில் பக்கம் ஒரு லாட்ஜ் இருந்தது. தேர்தலில் நிற்கும் ஆசையும் இருந்தது. ஊருக்கு நல்லது செய்தால் செலவாகும் என்பதால் சாவுக்குப் போவதோடு நிறுத்திக்கொண்டார். கீழ்பென்னாத்தூர் பக்கம் யார் கண்ணை மூடினாலும் மாலையோடு கிளம்பிவிடுவார். அவர் மாலை போட்டவர்கள் யாரும் ஓட்டுப் போட முடியாதவர்கள் என்பதை யாராவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான்தான் டிரைவர். கல்யாணமான புதிது. அந்தச் சம்பளத்தை விட்டால் எனக்கு வேறு கதி கிடையாது.

துக்க வீட்டுக்குப் போய்விட்டுக் குளிக்காமல் சாப்பிடக் கூடாதல்லவா? அதனால் திரும்பும்போது அவருக்குப் பசியில் உயிர் போகும். "இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்ற? மிதிடா!" என்பார். ரோட்டில் பாதியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, காயும், மீதியில் ஆடு நிற்கும். மிதித்து, பிரேக் போட்டு, மறுபடி மிதித்து வீடு வந்து சேர்ந்தால் கேட்டுக்கு வெளியே அவருடைய மனைவி குடத்தோடு காத்திருப்பார். நான்கு சக்கரத்துக்கும் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வண்டி உள்ளே போகலாம். தீட்டு டயரில் ஒட்டிக்கொண்டு வருமாம். சீட்டில் உட்கார்ந்து வராதாம்.

கொஞ்ச நாளில் பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் உதற ஆரம்பித்தது. ஏற்கெனவே பழைய வண்டி. முதலாளியின் மடியிலிருந்து மாலை நழுவி விழும் அளவுக்கு உதறல். லாட்ஜ் மேனேஜர் சக்கர அலைன்மென்ட் என்றார். முதலாளியின் மைத்துனர் டயர் என்றார். டயர் மாறியது, உதறல் மாறவில்லை. கடைசியில் மெக்கானிக் ஒருவர், சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிஸ்க், அந்த இரும்புத் தட்டு, கோணிப்போயிருக்கிறது என்று புதிதாக மாட்டினார். வண்டி அலுங்காமல் நின்றது. இரண்டு சாவு கழிந்ததும் பழையபடி உதறல்.

முதலாளி யோசித்தார்.

"பாத்தியா, சாவுக்குப் போயிட்டு வந்தாத்தான் உதறுது. தீட்டு சரியா கழியல. தண்ணி பத்தல."

அன்றிலிருந்து சக்கரத்துக்கு ஒரு குடம்.

முதலாளி வீட்டுக் குடம் ஊருக்கே தெரிந்த கதை. மறுபடி டிஸ்க் மாற்றப் போனபோது மெக்கானிக் சிரித்தார். "சூட்டுல பச்சத்தண்ணி ஊத்தினா கோணாம இன்னா பண்ணும்?"

"மொதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லிட்டா நீ இங்க வருவியா?"

அவரும் ஒரு யோக்கியர்.

முதலாளியிடம் பயந்துகொண்டேதான் சொன்னேன். "வண்டி கொஞ்சம் ஆறினப்புறம் தண்ணி ஊத்தலாங்க."

"அதுவரைக்கும் நான் பசியோட தெருவுல நிக்கணுமா? பிரேக்கு போடத் தெரியல, சாஸ்திரத்த குறை சொல்ல வந்துட்டான். நாளையிலேர்ந்து வேற எடம் பாத்துக்க."

வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

போன மாசம் முதலாளி போய்ச் சேர்ந்தார். ஏனென்று கேட்காதீர்கள், நானும் போனேன். குடத்தோடு நிற்கிற அந்த அம்மா அவருக்கு முன்னமே இறந்துவிட்டிருந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் மகன்களின் கார்கள் வரிசையாக, நிற்காமல், நேரே உள்ளே போயின. போனில் வரவழைத்த சாப்பாடு தயாராக இருந்தது. குளிக்காமலே உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கேட்டோரக் குழாயில் காலைக் கழுவிக்கொண்டேன். போகிற போக்கில் ஒரு சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. முதலாளிக்காக அதில் ஒரு சொம்புத் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. அந்த வண்டிகளுக்கெல்லாம் உதறலே வராது.